வினைல் விரித்த கதை

புடவை எடுப்பதென்றால் நாலு கடை ஏறி இறங்காமல் நான் வீடு திரும்பியதில்லை. கத்தரிக்காய் வாங்கினால்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். ஆனால், நாள் முழுவதும் நடக்கிற தரையைப் பற்றி மட்டும் ஒரு தடவையாவது யோசித்தேனா என்றால் இல்லை. வீட்டோடு வந்தது, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். அத்தை விழுந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. (என் மாமியாரைத்தான் அத்தை என்று கூப்பிடுகிறேன்.)

சென்னையில் பழைய பேட்டை ஒன்றில் எங்கள் வீடு. தரைத்தளம். கூடம் முழுவதும் சிவப்புச் சிமெண்டு. ஐம்பது வருஷமாகத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாகிவிட்ட தரை. ஆனால் அத்தையின் அறையிலும், அங்கிருந்து குளியலறைக்குப் போகிற குறுகலான நடையிலும் சாதாரணச் சிமெண்டுதான். அது அங்கங்கே பெயர்ந்து, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. "இந்த மாதம் பூசிவிடலாம், அடுத்த மாதம் பூசிவிடலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தோம். ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு, விளக்குப் போட்டால் எங்கள் தூக்கம் கெடும் என்று இருட்டில் எழுந்து போன அத்தையின் கால் கட்டைவிரல் ஒரு பெயர்ந்த விளிம்பில் மாட்டிக்கொண்டது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. வயது 76.

இடுப்பெலும்பு தப்பியது அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். அதைச் சொன்ன தோரணையில், அடுத்த தடவை அதிர்ஷ்டத்தை நம்பாதீர்கள் என்பதும் சேர்ந்தே ஒலித்தது.

அன்று மாலையே வீட்டில் மாநாடு கூடியது.

"பேசாமல் பளபளவென்று டைல்ஸ் போட்டுவிடலாம்" என்றார் இவர்.

"பளபளவென்று போட்டு என் இன்னொரு கையையும் உடைக்கப் போறியாடா?" என்று கட்டிலில் இருந்தபடியே கேட்டார் அத்தை.

அதோடு டைல்ஸ் விவகாரம் முடிந்தது. தவிர, பழைய தரையை இடித்து, டைல்ஸ் பதித்து, காயவிட்டு எடுக்கப் பத்து நாளாவது ஆகும். கையில் மாவுக்கட்டோடு இருக்கிறவரை அந்தத் தூசியில் எங்கே கொண்டு வைப்பது? அப்போதுதான் கல்லூரியில் படிக்கும் எங்கள் பெண் கைப்பேசியைத் துழாவிவிட்டு, "வினைல் போடலாம் அம்மா. இடிக்க வேண்டாம், ஒரே நாளில் விரித்துவிடுவார்கள், காலுக்கு மெத்தென்று இருக்கும்" என்றாள். அவள் சொன்ன மூன்றும் உண்மை. சொல்லாத நாலாவது ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக்தான். தண்ணீர்க் குழாய்க்கும் இதற்கும் தாய் ஒன்றே. 1926-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன் என்ற ரசாயன நிபுணர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். பசை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, விறைப்பாக இருந்த பி.வி.சி.யை வளைகிற வஸ்துவாக மாற்றும் வழி கிடைத்தது. 1933-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அதைத் தரையாகவே போட்டுக் காட்டினார்கள். அதற்கு முன்னால் மேல்நாட்டு வீடுகளில் லினோலியம் என்ற விரிப்புத்தான் ராஜா. அது பிளாஸ்டிக் அல்ல. ஆளிவிதை எண்ணெயைக் கெட்டியாக்கி, தக்கைத் தூளோடு கலந்து, சணல் துணியின்மேல் அழுத்திச் செய்தது. பிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1860-களில் கண்டுபிடித்தார். அந்தச் சணல் நம் வங்காளத்திலிருந்து கப்பலேறிப் போன பண்டம் என்பதை நினைத்தால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. இன்றும் சிலர் வினைலைக் காட்டி "லினோலியம்" என்று சொல்கிறார்கள். இரண்டும் வேறு.

நானும் இவரும் பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் காட்டியது சுருள். இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடி அகலத்தில் பாய் மாதிரி சுருட்டி வைத்திருந்தார். அடியில் நுரை மெத்தை ஒட்டியது ஒரு தினுசு. அடுத்தது தனித்தனிச் சதுரங்களாகவும் பலகைகளாகவும் பசை போட்டு ஒட்டுவது. மூன்றாவது, எஸ்.பி.சி. என்கிறார்கள், சுண்ணாம்புக்கல் தூளையும் பி.வி.சி.யையும் கலந்து அழுத்திய விறைப்பான பலகை. ஒன்றின் ஓரத்தில் மற்றொன்றைக் கோத்துக்கொண்டே போகவேண்டியது, பசையே வேண்டாம்.

"எல்லாமே வாட்டர் ப்ரூஃப், மேடம். பக்கெட் தண்ணீரைக் கொட்டினாலும் ஒன்றும் ஆகாது" என்றார் கடைக்காரர்.

"மேல் பூச்சு என்ன கனம்?" என்று இவர் எங்கோ கேட்ட ஞானத்தில் கேட்டுவைத்தார்.

"இருபது மில் சார்."

"இருபது மில்லிமீட்டரா! அது தரை இல்லை ஐயா, திண்ணை!"

கடைக்காரர் சிரித்துவிட்டார். விஷயம் என்னவென்றால், மில் என்பது மில்லிமீட்டர் அல்ல. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபது மில் என்றால் அரை மில்லிமீட்டர்தான். சகோதரிகள் இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வினைலின் மொத்தக் கனம் ஒன்று. மேலே தெளிவாகப் படிந்திருக்கும் தேய்மானப் பூச்சின் கனம் இன்னொன்று. மரத்தைப் போலவும் கல்லைப் போலவும் தெரிகிறதே, அது வெறும் அச்சடித்த படம். படத்தைக் காப்பாற்றுவது அந்தப் பூச்சுத்தான். பூச்சுத் தேய்ந்தால் படம் தேயும். மொத்தம் மூன்று மில்லிமீட்டர் கனமாக இருந்து, அதில் பூச்சு வெறும் 0.1 மில்லிமீட்டர் என்றால், மிச்சமெல்லாம் நுரையும் நிரப்பலும். படுக்கையறைக்கு 0.3 போதும். எல்லோரும் நடக்கிற நடைக்கும் கூடத்துக்கும் 0.5 இருப்பது நல்லது.

அன்றைக்கு நான் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேக்கு மரம் போல ஒரு டிசைன். பார்த்ததும் மனம் போய்விட்டது. தீபாவளிக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம் கையில் இருந்தது. நுரை மெத்தை வைத்த சுருளை வாங்கிவிட்டோம்.

அளவிலும் ஒரு தவறு செய்தோம். அத்தையின் அறை பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. ஆறரை அடிச் சுருளை நீளவாட்டில் விரிக்கச் சொன்னோம். பன்னிரண்டு அடியில் இரண்டு துண்டுகள், ஆக இருபத்துநாலு அடிச் சுருள். பத்தடி அகலத்தை மூடப் பதின்மூன்று அடி; மூன்றடி வீண். அதையே அகலவாட்டில் விரித்திருந்தால் பத்தடியில் இரண்டு துண்டுகள், இருபது அடிச் சுருள் போதும். வீணாவது ஓர் அடிதான். பணம் கொடுத்து முடித்த பிறகு, கட்டிலுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த மிச்சத் துண்டைப் பார்த்தபோதுதான் இந்தக் கணக்கு எனக்கு உதயமாயிற்று. கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் அறையை வரைந்து, இரண்டு விதமாகவும் சுருளைப் போட்டுப் பாருங்கள். இணைப்புக் கோடு வாசற்படிக்கு நேரே விழாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். காலடி அதிகம் படுகிற இடத்தில் இணைப்பு விழுந்தால், முதலில் வாய் பிளப்பது அதுதான்.

சித்திரை மாதத்தில் விரித்தார்கள். காலை பத்து மணிக்கு வந்தவர்கள் மாலை காப்பிக்கு முன்பு போய்விட்டார்கள். அறை பிரமாதமாக இருந்தது! அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தை கட்டை அவிழ்த்த கையோடு மெள்ள நடந்து பார்த்து, "குழந்தை மெத்தைமேல் நடக்கிற மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அப்போது வந்த கர்வத்தைச் சொல்லி முடியாது.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது.

முதலில் ஒரு வாசனை. நனைந்த சாக்கு வாசனை. எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று அலமாரியையெல்லாம் நகர்த்தினோம். பிறகு அத்தைக்கு இரவில் இருமல். பனி என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். இருமல் நிற்கவில்லை, மூச்சு இரைக்கவும் ஆரம்பித்தது. ஒரு நாள் சுவரோரம் வினைலின் விளிம்பு சற்றே சுருண்டு, அதன் கீழே கறுப்பாக ஏதோ தெரிந்தது. இவர் விரலை விட்டுத் தூக்கினார். அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. நுரை மெத்தை முழுவதும் கறுப்புப் பூஞ்சணம். அத்தை ஒரு மாதமாக அதன்மேல்தான் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

வாட்டர் ப்ரூஃப் என்றாரே கடைக்காரர்? அவர் பொய் சொல்லவில்லை. மேலே கொட்டுகிற தண்ணீர் கீழே போகாது. ஆனால் கீழே இருக்கிற தண்ணீரும் மேலே வராது! அதுதான் என் பெண் சொல்லாத நாலாவது விஷயம். மண்மேல் போட்ட பழைய சிமெண்டுத் தரை, மழைக்காலத்தில் பூமியின் ஈரத்தை உறிஞ்சும். கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் விட்டுவிடும். நமக்கு அது தெரிவதுகூட இல்லை. அதன்மேல் வினைலைப் போட்டு மூடினால், பாத்திரத்துக்குத் தட்டுப் போட்டு மூடிய கதைதான். ஆவி போக வழியில்லாமல் அங்கேயே நீராகி நிற்கும். இந்த விஷயத்தில் விலை உயர்ந்த வினைலுக்கும் மலிவானதற்கும் வித்தியாசமே கிடையாது. இரண்டாவது மாடியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. தரைத்தளத்துக்காரர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். புதுக் கட்டடம் என்றாலும் கான்கிரீட் உலர மாதக்கணக்கில் ஆகும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான பரீட்சை உண்டு. பணம் போன பிறகுதான் ஒரு கொத்தனார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் காகிதம் ஒன்று எடுத்துத் தரையில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு பகல், ஓர் இரவு விட்டு எடுத்துப் பாருங்கள். காகிதத்தின் அடியில் துளிகள் இருந்தாலோ, அந்த இடம் மட்டும் நிறம் கறுத்திருந்தாலோ தரையில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுக்கு மூன்று இடங்களில் செய்யவேண்டும். வெளிச்சுவர் ஓரத்திலும் குளியலறைப் பக்கத்திலும் கட்டாயம். முக்கியமாக, இதை மழைக்காலத்தில் செய்யவேண்டும். சித்திரையில் நாங்கள் செய்திருந்தால் தரை எங்களிடம் பொய்தான் சொல்லியிருக்கும்.

வினைலைக் கிழித்து எறிந்தோம். கிழிக்கும்போது நான் அழுதேன் என்று இவர் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அழவில்லை, பூஞ்சணத் தூசி கண்ணில் பட்டுவிட்டது. அத்தையின் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். ஒரு வாரத்தில் இருமல் தணிந்தது.

மூன்று பாலிதீன் சதுரங்கள் ஒட்டினோம். நடையில் ஒட்டியது குளத்தில் முக்கி எடுத்தது போல இருந்தது. அவ்வளவு ஈரம் பூமியிலிருந்து வராது என்று பிளம்பர் சந்தேகப்பட்டார். தோண்டிப் பார்த்தால், குளியலறையின் நஹானி ட்ராப் இணைப்பில் கசிவு! எத்தனை வருஷமாகக் கசிந்துகொண்டிருந்ததோ. அந்த நடையில் சிமெண்டு பெயர்ந்ததற்கே அதுதான் காரணமாக இருக்கவேண்டும். அதைச் சரிசெய்தோம். அறையில் வெளிச்சுவர் ஓரம் ஒட்டியதிலும் துளிகள். அது பூமி ஈரம். குழாயை மாற்றித் தீர்க்கிற காரியம் இல்லை. ஈரத்தைத் தடுக்கும் எபாக்ஸிப் பூச்சு ஒன்று இருக்கிறது, அடித்துவிட்டு அதன்மேல் வினைல் போடலாம் என்றார்கள். விலையைக் கேட்டால் வினைலின் விலையைவிட அதிகம்.

ஆகவே அறைக்கு வினைல் வேண்டாம் என்று முடிவு செய்தோம். சிவப்புப் பொடி கலந்த சிமெண்டைப் பூசிக் கரணையால் இழைத்து மெருகேற்றத் தெரிந்த கொத்தனார் இந்தக் காலத்தில் அபூர்வம். விசாரித்து விசாரித்து ஒரு பெரியவரைப் பிடித்தோம். அறைத் தரை பழையபடி சிவப்பாயிற்று.

நடைக்கு மட்டும் வினைல். ஆனால் உடனே இல்லை. அடுத்த கார்த்திகை வரையில் பொறுத்திருந்து, அடைமழையில் மறுபடியும் பாலிதீன் ஒட்டிப் பார்த்தோம். காகிதம் உலர்ந்தே இருந்தது. அதன்பிறகுதான் கடைக்குப் போனோம்.

இந்தத் தடவை டிசைனைக் கடையில் தீர்மானிக்கவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஐந்து மாதிரித் துண்டுகள் வாங்கி வந்து அத்தையிடம் ஒப்படைத்தேன். பரீட்சை வைப்பதில் அத்தைக்கு அப்படி ஓர் உற்சாகம்! ஒவ்வொரு துண்டிலும் குழைத்த மஞ்சள் ஒரு பொட்டு, நல்லெண்ணெய் ஒரு சொட்டு, குங்குமம் ஒரு சிட்டிகை. ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்தால், மலிவான இரண்டில் மஞ்சள் போகவே இல்லை. (வெயிலில் இரண்டு நாள் வைத்ததும் கறை வெளுத்துவிட்டது. ஆனால் வீட்டின் நடையைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைக்க முடியுமா?) அடுப்பிலிருந்து இறக்கிய கரண்டியை ஒன்றின்மேல் வைத்தார், வட்டமாகப் பொசுங்கிவிட்டது. அது எல்லா வினைலுக்கும் உள்ள குணம். சமையலறையில் போடுகிறவர்கள், கை தவறி ஒரு சூடான வாணலி விழுந்தால் தழும்பு நிரந்தரம் என்று தெரிந்து போடவேண்டும். பூஜை அறையில் போடவே வேண்டாம். கற்பூரம் ஒன்று தெறித்தால் போதும்.

கடைசியாக, துண்டுகளைத் தரையில் வைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, என்னை ஈரக்காலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். பளபளப்பானவை வழுக்கின. சொரசொரப்பாக, மங்கலாக, பார்வைக்கு ஒன்றுமே இல்லாத சாம்பல் நிறத் துண்டு ஒன்றுதான் காலைப் பிடித்தது. "இதுதான்" என்றார் அத்தை. எனக்குத் தேக்கு மர டிசைன்மீது இன்னும் ஒரு கண் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

நடை மூன்றரை அடி அகலம்தான். ஒரே துண்டு, இணைப்பே இல்லை. விரிப்பதற்கு முன், பள்ளமெல்லாம் அடைத்துத் தரையைச் சமப்படுத்தினார்கள். இது அவசியம். வினைல் புடவை மாதிரி. உள்ளே இருக்கிற மேடு பள்ளத்தை மறைக்காது, எடுத்துக் காட்டும். தரை உயர்ந்துவிட்டதால் குளியலறைக் கதவு தட்டியது. தச்சரைக் கூப்பிட்டு அடியில் இழைத்தோம். எஸ்.பி.சி. பலகை போடுகிறவர்கள் இதற்கு இன்னும் தயாராக இருக்கவேண்டும். அது நாலிலிருந்து ஆறு மில்லிமீட்டர் வரை உயரும். அது வெயிலில் விரியும் என்பதால் சுவரோரம் சிறிது இடைவெளியும் விடவேண்டும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். வாளித் தண்ணீரைக் கொட்டித் தள்ளுகிற பழக்கத்தை மட்டும் நிறுத்தவேண்டும். ஓரத்தின் வழியாக உள்ளே போய்விடும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்கு இதைப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று. குளியலறை கழுவும் ஆசிட் கிட்டவே வரக்கூடாது. இன்னொன்று: குளியலறை வாசலில் ரப்பர் அடிவைத்த மிதியடி போடுவோம் அல்லவா? ரப்பரில் இருக்கும் ரசாயனம் வினைலில் இறங்கி மஞ்சள் கறையாகிவிடும். எந்தச் சோப்புக்கும் அது போகாது.

புதிதாக விரித்ததும் பிளாஸ்டிக் வாசனை அடிக்கும். இரண்டு மூன்று நாள் ஜன்னல்களைத் திறந்து வைக்கவேண்டும். தவழுகிற குழந்தை இருக்கிற வீடானால், வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் என்ற வகை ரசாயனம் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள், இப்போது கிடைக்கிறது. மிகப் பழைய கட்டடங்களில் சிறிய கெட்டியான வினைல் சதுரங்கள் பதித்திருந்தால், அவற்றைச் சுரண்டவோ உடைக்கவோ வேண்டாம். அந்தக் காலத்துச் சதுரங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். உடைத்தால் அதன் தூள் நெஞ்சுக்குள் போகும்.

கிழித்தெடுத்த பழைய சுருளையும், கட்டிலுக்குப் பின்னால் கிடந்த மிச்சத் துண்டையும் கொல்லையில் போட்டு வைத்திருந்தேன். போகி அன்று அண்டை வீட்டுப் பையன்கள், "மாமி, இதையும் போட்டுடலாமா?" என்று இழுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். ஓடிப்போய் மறித்தேன். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்கிற காட்டமான அமில வாயு கிளம்பும். தெருவே இருமும். மிச்சத் துண்டு நல்ல நிலையில் இருந்ததால் அலமாரித் தட்டுகளுக்கு வெட்டிப் போட்டுவிட்டேன். தேக்கு மர டிசைன் இப்போது என் பருப்பு டப்பாக்களுக்கு அடியில் இருக்கிறது.

அத்தைக்குச் சிவப்புத் தரைதான் உயிர். மத்தியானம் பாய்கூட இல்லாமல் அதில் படுத்துக்கொள்கிறார். "அந்த நடை?" என்று கேட்டால், "ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கு" என்று உதட்டைப் பிதுக்குகிறார். ஆனால் நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். விழுந்த நாளிலிருந்து, நடையில் போகும்போதெல்லாம் சுவரைத் தடவிக்கொண்டே போவார். சுண்ணாம்பில் அவர் விரல் பட்ட இடம் ஒரு கறுப்புக் கோடாகவே ஆகிவிட்டிருந்தது. பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடித்தோம். மாசி பிறந்து, பங்குனியும் வந்துவிட்டது. சுவர் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.